நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து அவற்றின் வாழ்க்கையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிங்கப்பூரிலிருந்து நாமும் பார்க்க முடியுமா?

முடியும். நான் பார்த்தது எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து, வெறுங்கண்ணால்.

2020 பிப்ரவரி. வழக்கமாகத் திருவாதிரை ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்கும். அன்று ரோகிணி முந்திவிட்டது. சில மாதங்களுக்குள் திருவாதிரையின் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அம்மாவின் ஜென்ம நட்சத்திரம் அது. விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்றார். வெடிக்கப் போகிறது என்று இணையத்தில் பேசிக்கொண்டதை நான் சொல்லவில்லை. வெடிக்கவும் இல்லை. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, நம் பக்கமிருந்து அதன் முகத்தை மறைத்திருந்தது. வயதான ராட்சத நட்சத்திரங்கள் இப்படித்தான் தங்கள் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கின்றன.

சரி, கேள்விக்கு வருகிறேன். நட்சத்திரத்தின் ஆயுள் பல லட்சம், பல கோடி ஆண்டுகள். ஒரே நட்சத்திரம் மூப்படைவதை உட்கார்ந்து பார்க்க நமக்கு ஆயுள் போதாது. ஆனால் சில விசித்திர நட்சத்திரங்கள் அவசரக்காரர்கள். எனக்குப் பிடித்தது ஹைட்ரா விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஆர் ஹைட்ரே. உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கும் வயதான சிவப்பு ராட்சதன்; அதோடு வெளிச்சமும் கூடிக் குறையும். ஒரு சுற்றுக்கு 1700 வாக்கில் ஏறக்குறைய 500 நாள் எடுத்துக்கொண்டது; 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 390 நாளுக்கும் கீழே வந்துவிட்டது. சுற்று குறுகினால் நட்சத்திரமே சற்றுச் சிறுத்திருக்கிறது என்று பொருள். மையத்தைச் சுற்றியுள்ள ஹீலியம் அடுக்கு திடீரெனப் பற்றிக்கொண்டதன் பின்விளைவு இது என்பதே முன்வைக்கப்படும் முக்கிய விளக்கம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சங்கதி! மூன்று நூற்றாண்டு மனிதர்கள் ராத்திரி கண்விழித்துக் குறித்து வைக்காவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஆர் கொரோனே பொரியாலிஸ் இன்னொரு ரகம். நன்றாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று தானே கரிப்புகை கக்கி ஒளிந்துகொள்ளும். இரண்டு வெண்குள்ளன்கள் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் சிறிய, அடர்ந்த மிச்சங்கள்) ஒன்றாகி உருவானதாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆர் ஹைட்ரேயை ஏப்ரல், மே இரவுகளில் தேடுங்கள். நம்மூர் விளக்கு வெளிச்சத்துக்குப் பைனாகுலர் வேண்டும். வெளிச்சத்தின் அளவு ஏற்கெனவே தெரிந்த இரண்டு பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இடையில் எங்கே நிற்கிறது என்று எண்ணாக எழுதுங்கள். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். என் நோட்டில் பாதிப் பக்கம் 'மேகம்' என்றுதான் இருக்கிறது, அது வேறு விஷயம்.