தம்பலகாமம் வயலில் படப்பிடிப்பு: வேனை உள்ளே இறக்கலாமா?

கல்யாண அல்பத்துக்குத் தம்பலகாமம் வயலில் படம் எடுக்கப் போகிறோம், வேனை எதுவரை கொண்டு போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உழவு மெஷின் போகிற வாய்க்கால் ரோட்டோடு நிறுத்திவிடுங்கள். அதுவும் காணிக்காரரிடம் கேட்ட பிறகுதான். வயல் குத்தகைக்குப் போயிருந்தால் செய்கை பண்ணுகிறவரிடம் கேட்பதுதான் முக்கியம்; வெள்ளாமை அவருடையது.

வரம்பில் சில்லு ஏறவே கூடாது. பார்க்க அகலமாக, புல் மூடி, ரோட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் கந்தளாய்க் குளத்திலிருந்து வந்த தண்ணீரை வயலில் கட்டி வைத்திருப்பது அந்த மண்தான். ஓரிடத்தில் அமுங்கி உடைந்தால் மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு ஓடிவிடும். பசளை எறிந்த கையோடு என்றால் பசளையும் சேர்ந்து போகும். அப்புறம் இரண்டு வயல்காரருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாய்க்கால் ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு வாகனம் விலக முடியாது. பெரும்போக அறுவடை நேரம், பெப்ரவரி மார்ச்சில், வெட்டு மெஷினும் நெல் லொறியும் வந்துகொண்டே இருக்கும். மதகை மறித்து நிறுத்தாதீர்கள். சாரதி திறப்போடு வேனிலேயே இருக்கட்டும். ரோட்டோரம் படங்கில் நெல் காய்ந்தால், இடமில்லை என்று அதன்மேல் ஏற்றாமல், இறங்கி நடந்து போங்கள். யானை வேலிக் கடப்பைத் திறந்தால் உடனே மூடுங்கள்.

மழை பெய்த மறுநாள் என்றால் தார் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள். பொம்பிளையின் சேலையை விட வேனை இழுத்தெடுப்பதுதான் செலவு.