எந்த டிஃபரன்ஷியலுக்கு எந்த ஆயில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். கடந்த ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். இன்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களுக்கு. டிஃபரன்ஷியலில் கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப் அமைப்பு. சென்ற மாதம் கிரவுன் ஆயிலை, அதாவது டிஃபரன்ஷியல் ஆயிலை, மாற்றிய மெக்கானிக், "நம்ம வெயிலுக்கு 140 போட்டாத்தானுங்க தாங்கும்" என்று சொல்லி, லாரிக்கு ஊற்றும் கெட்டியான 140 தர கியர் ஆயிலையே ஊற்றினார். அன்று முதல், வண்டியை மெதுவாகத் திருப்பி நிறுத்தும்போதெல்லாம் பின்பக்கம் கடகடவென்று அதிர்கிறது. தட்டுகள் போய்விட்டன, கழற்ற வேண்டும் என்கிறார். கழற்றத்தான் வேண்டுமா? – வாசகர், திருப்பூர்.

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், முதலில் ஆயிலை மாற்றுங்கள். ஆயில் மாற்றிய அன்றே தொடங்கிய அதிர்வுக்குத் தட்டுத் தேய்மானத்தைக் காட்டிலும் ஆயிலே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வதால், திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவு ஓடினாலும் வண்டிக்குத் தொல்லையில்லை. காரில் பின்சக்கரங்களை இன்ஜின் இழுக்க வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் விசையைக் கொடுத்தபடியே வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதற்கு டிஃபரன்ஷியல் வைக்கிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால் அது வீணே சுழன்றுகொண்டிருக்க, மறு சக்கரம் விசையின்றி நின்றுவிடும். இதைத் தடுக்கவே உங்கள் காரில் உராய்வுத் தட்டுகளை அடுக்கி, இரு சக்கரங்களையும் ஓரளவு பிணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டுகள் நேர்ச்சாலையில் இறுகி நிற்க வேண்டும். திருப்பத்திலோ ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்க வேண்டும்.

ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையைத் தரையில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூட்டை அசையத் தொடங்கும் வரை முரண்டுபிடிக்கும். நகர்ந்துவிட்டால் இழுப்பது இலகுவாகிவிடும். தட்டுகளுக்கிடையிலும் இதுவேதான் நடக்கிறது: பிடித்துக்கொள்வது, விடுவது, மறுபடி பிடித்துக்கொள்வது என்று நொடிக்குப் பல முறை நிகழும்போது, அதுவே உங்கள் இருக்கைக்குக் கீழே கடகடவென்று கேட்கிறது. அசையும் முன் உள்ள பிடிப்பைக் குறைத்து, வழுக்கலைச் சீராக்குவதற்கென்றே ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற வேதிப்பொருளை இத்தகைய டிஃபரன்ஷியலின் ஆயிலில் சேர்க்கிறார்கள். லாரிக்கான ஆயிலில் பொதுவாக அது இருப்பதில்லை, ஏனென்றால் சாதாரண லாரி ஆக்சிலில் உராய்வுத் தட்டுகளே கிடையாது.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் தலைமுறையாக லாரிகளைப் பழுது பார்ப்பவர்கள், சுமையும் வெயிலும் சேர்ந்த ஆக்சிலுக்குக் கெட்டியான ஆயில் நல்லது என்று அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அவர்கள் வண்டிகளுக்கு அது சரிதான். ஆனால் 100 டிகிரி வெப்பத்தில் அளக்கும்போது, 90 தர ஆயிலின் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை இருக்க, 140 தர ஆயிலுடையது 24 முதல் 32.5 வரை போகிறது. ஏறத்தாழ இரு மடங்கு கெட்டியான ஆயிலை, டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் கடைந்துகொண்டே ஓடினால், அந்தக் கடைசலே கூடுதல் சூட்டை உண்டாக்கும். வெயிலுக்காகப் போட்ட ஆயில் சூட்டைக் கூட்டவே உதவும்.

ஆகவே, உங்கள் காரின் கையேட்டில் குறித்துள்ள தரத்தையே வாங்குங்கள். பெரும்பாலும் அது 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 ஆக இருக்கும். சில புதிய கார்களுக்கு 75டபிள்யூ-85. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிருக்கானது: 75 என்றால் மைனஸ் 40 டிகிரி வரையிலும், 80 என்றால் மைனஸ் 26 டிகிரி வரையிலும் ஆயில் ஓடும் தன்மையை இழக்காது. ஊட்டியின் உறைபனிக்கும் இரண்டுமே போதும் என்பதால், நம் பகுதியில் அந்த எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு: ஜி.எல்-5 என்ற தரக் குறியீடு, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு ஏற்றது என்ற குறிப்பு. கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனின் மையம், கிரவுன் வீலின் மையத்துக்கு விலகி அமைந்த ஹைப்பாய்டு பற்சக்கரங்களில், பற்கள் உருள்வதோடு பலத்த அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன; அந்த அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜி.எல்-5 ஆயிலில் தேவையான அளவு உள்ளன. பழைய கியர் ஆயிலின் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையதுதான்.

செட்டிபாளையத்திலுள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டுபவராகவோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் வேகமாக ஏறுபவராகவோ இருந்தால், விலையைப் பாராமல் முழு சிந்தெடிக் ஆயிலையே போடுங்கள். சாதாரணப் பயன்பாட்டுக்குக் கையேடு சொல்லும் இடைவெளிக்கு முன்பாகவே மாற்றியும் விடுங்கள். தொடர்ந்த சூட்டில் மாடிஃபையரும் வலுவிழக்கும்.

மாற்றும்போது ஒரு முறைமை உண்டு. ஆயில் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றி, அது கழல்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே வடிக்கும் பிளக்கில் ஸ்பேனரை வைக்க வேண்டும். தொழில் பழகிய நாட்களில் நான் இதைத் தலைகீழாகச் செய்து, ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, துருவேறிய மேல் பிளக்கின் முனைகள் உருண்டுபோனதால், ஒருவரின் வண்டியை ஆயிலில்லாமல் இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். அவர் குடும்பத்தோடு பழனிக்குப் புறப்பட இருந்த வண்டி அது. இன்றும் மேல் பிளக்கைத் தொடாமல் கீழ் பிளக்கைத் தொட மாட்டேன்.

வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதை விரலால் வழித்துப் பாருங்கள். விபூதியைக் குழைத்தாற்போல் நைசான சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் உலோகச் சில்லோ, உடைந்த பல்லின் துண்டோ இருந்தால் அப்போது டிஃபரன்ஷியலைக் கழற்றத்தான் வேண்டும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேல் துளையின் விளிம்பு வரை நிரப்பி, காலியான மைதானத்தில் எட்டுப் போடுவதைப் போல் இருபுறமும் மெதுவாகப் பல முறை வளைத்து ஓட்டுங்கள். அப்போதுதான் புது ஆயில் தட்டுகளுக்கிடையில் போய்ச் சேரும்.

அதற்குப் பின்னும் அதிர்வு இருந்தால், மாடிஃபையரைத் தனியாக வாங்கிச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். 118 மில்லி அளவில் சிறு குப்பியாகக் கிடைக்கும். ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டாம்; அளவு மிஞ்சினால் தட்டுகள் பிடிப்பை இழந்து, நீங்கள் விலை கொடுத்து வாங்கிய லிமிடெட் ஸ்லிப் அமைப்பு இருந்தும் இல்லாததாகிவிடும்.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த நான் துபாயில் பணிபுரிகிறேன். அங்கே வைத்திருக்கும் டொயோட்டா 86 காரில் டார்சன் வகை டிஃபரன்ஷியல் உள்ளது. அதற்கும் மாடிஃபையர் சேர்க்க வேண்டுமா? – வாசகர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: வேண்டாம். டார்சனில் உராய்வுத் தட்டுகளை வழுக்க வைக்கும் தேவை இல்லை. பற்சக்கரங்கள் ஒன்றையொன்றும் கூட்டின் சுவரையும் அழுத்துவதால் உண்டாகும் உராய்வே அதன் பலம். அந்த உராய்வைக் குறைக்கும் மருந்தை நாமே ஊற்றுவது அதன் வேலையைக் கெடுப்பதாகும். கையேட்டிலுள்ள ஜி.எல்-5 ஆயில் போதும். வாங்கிய ஆயிலிலேயே சிறிதளவு மாடிஃபையர் கலந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, மேற்கொண்டு சேர்க்காதீர்கள்.

மாடல் பெயரை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையிலேயே தொடக்க ஆண்டுகளில் விஸ்கஸ் வகையும், 1994 மாடலிலிருந்து டார்சனும் வந்தன. விஸ்கஸ் வகையில் பிணைப்பைத் தருவது தனியே மூடி முத்திரையிட்ட சிலிகான் திரவம்; வெளியே ஊற்றும் ஆயிலால் அது மாறுவதில்லை.

கேள்வி: என் காரில் இயக்கம் முன்சக்கரங்களுக்கு, லிமிடெட் ஸ்லிப் அமைப்பு கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஜி.எல்-5 ஊற்றலாமா? – வாசகர், ஈரோடு.

பதில்: கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய ஊற்றாதீர்கள். அங்கே ஒரே ஆயில்தான் டிஃபரன்ஷியலுக்கும் கியர்களுக்கும். ஜி.எல்-5 ஆயிலிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் மாற்ற உதவும் பித்தளை வளையங்களை நாளடைவில் அரிக்கக்கூடும் என்பதாலும், அவற்றுக்கு வேண்டிய உராய்வு அதில் கிடைக்காது என்பதாலும், பல தயாரிப்பாளர்கள் ஜி.எல்-4 அல்லது தங்களுக்கே உரிய கியர்பாக்ஸ் ஆயிலைக் குறிப்பிடுகிறார்கள். முன்பே ஊற்றிவிட்டீர்கள் என்றால், கியர் மாற்றும்போது கரகரப்பு தொடங்கும் வரை காத்திராமல், இந்த வாரமே வடித்துவிட்டுச் சரியான ஆயிலை நிரப்புங்கள்.