வாரம் ஒரு பவுண்டில் ஒரு குடும்பம்: மாட் பெம்பர் ரீவ்ஸ் பற்றிய கேள்விகளும் பதில்களும்

லண்டனின் உழைக்கும் குடும்பங்கள் வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்டில் எப்படி வாழ்ந்தன என்று மாட் பெம்பர் ரீவ்ஸ் எழுதி, 1913இல் லண்டனில் வெளியான 'ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்' புத்தகத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். கணக்கு குழம்பாமல் இருக்க ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தக் காலத்து ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி.

கேள்வி: அக்கா, இந்த அம்மா யார்? பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

1865இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் வளர்ந்தவர். கணவர் வில்லியம் பெம்பர் ரீவ்ஸ் அங்கே அரசியல்வாதி, அமைச்சராகவும் இருந்தவர். 1893இல் நியூசிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது அந்தப் போராட்டத்தில் இவரும் இருந்தார். 1896இல் கணவரின் வேலைக்காகக் குடும்பம் லண்டனுக்கு வந்தது. சொந்த ஊரில் பெண்கள் ஓட்டுப் போடுகிறார்கள், இங்கே வந்தால் அந்த உரிமையே இல்லை. அப்புறம் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பில் சேர்ந்து, 1908இல் சார்லட் வில்சனோடு சேர்ந்து அதற்குள் ஒரு பெண்கள் குழுவை ஆரம்பித்தார். இன்றைக்கும் அவர் பெயர் நிற்பது அந்தக் குழு செய்த ஒரு விசாரணையாலும், அதிலிருந்து பிறந்த இந்த ஒரே புத்தகத்தாலும்தான்.

கேள்வி: காசு கொடுத்துக் கணக்கு எழுத வைத்தார்கள் என்று படித்தேன். அது என்ன மாதிரி ஆராய்ச்சி?

1909 முதல் 1913 வரை, தெற்கு லண்டனில் லாம்பெத் பகுதியில் நடந்தது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பட்டியலிலிருந்து கர்ப்பிணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கணவனின் சம்பளம் வாரம் ஏறக்குறைய 18 முதல் 30 ஷில்லிங்குக்குள் இருக்க வேண்டும். பிரசவத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்பிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, தாயும் குழந்தையும் கூடுதலாகச் சாப்பிட வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். வாராவாரம் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், டாக்டர் எதெல் பெந்தம் குழந்தைகளை எடைபோட்டுக் கவனித்தார். சத்தான சாப்பாடு கிடைத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் தெரியும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

கூடவே வீட்டுச் செலவுக் கணக்கையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு மூத்த பிள்ளையோ கணவனோ எழுதிக் கொடுத்தார்கள். புத்தகத்தின் உயிர் அந்தக் கணக்குகளில் இருக்கிறது. ஏழைகளைப் பற்றிக் கருத்துச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம், ஆனால் கரி எத்தனை பென்னி, சோப்பு எத்தனை பென்னி என்று அந்தத் தாய்மாரே எழுதியதை அப்படியே அச்சில் போட்டு, இதைவிட நன்றாக நீங்கள் நடத்திக் காட்டுங்கள் என்று வாசகரைக் கேட்காமல் கேட்கிற புத்தகம் வேறு ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: குடியில் அழித்திருப்பார்கள். வறுமை என்றால் பாதி அதுதானே?

அன்றைக்கு லண்டனில் வசதியானவர்களும் இதையேதான் சொன்னார்கள், அதற்குப் பதிலாகத்தான் இந்தப் புத்தகமே. இவர்கள் குடிகாரக் குடும்பங்கள் அல்ல. கணவனுக்கு ஓரளவு நிரந்தர வேலை உண்டு, வண்டியோட்டி, பிளம்பருக்கு உதவியாள், அச்சகத் தொழிலாளி, மீன் பொரிக்கும் கடையில் வேலை, இப்படி. சம்பளத்தில் தன் கைச்செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை மனைவியிடம் கொடுத்துவிடுவார்கள், குடித்துத் தீர்க்க அதில் பணமே கிடையாது.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 24 ஷில்லிங் சம்பாதிப்பவர் வாடகைக்கு மட்டும் 8 ஷில்லிங் கொடுக்கிறார், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. வருடம் 2,000 பவுண்டு வருமானம் உள்ள வசதியானவருக்கு வாடகையும் வரிகளும் சேர்ந்தே எட்டில் ஒரு பங்குதான் ஆகும் என்று ரீவ்ஸ் பக்கத்திலேயே வைத்துக் காட்டுகிறார். அந்த 8 ஷில்லிங்குக்குக் கிடைப்பது ஈரமும் மூட்டைப்பூச்சியும் உள்ள இரண்டு மூன்று அறைகள். தண்ணீரை மாடிக்குச் சுமக்க வேண்டும், ஒரு கட்டிலில் நாலு பேர் படுக்க வேண்டும். கரியை மொத்தமாக வாங்கிவைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை, அதனால் சில்லறையாக வாங்கி அதிக விலை கொடுக்கிறார்கள். கேஸுக்கு மீட்டரில் ஒவ்வொரு பென்னியாகப் போட வேண்டும், பிள்ளைகளின் பூட்ஸுக்கு வாராவாரம் சீட்டுக் கட்ட வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் சாப்பாட்டுக்கு, பல வீடுகளில் தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று பென்னி, சில வீடுகளில் அதற்கும் கீழே.

கேள்வி: சாப்பாட்டுக்கே இல்லாதவர்கள் எதற்குச் சாவு இன்சூரன்ஸ் கட்டினார்கள்? இது முட்டாள்தனமாகத் தெரியவில்லையா?

இந்த அத்தியாயத்தைப் படித்தபின் ஒருவர் 'முட்டாள்தனம்' என்று சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு பென்னி. பிள்ளை பிழைத்தால் அந்தப் பணம் திரும்ப வராது, நடுவில் கட்ட முடியாமல் போனால் கட்டியதெல்லாம் போச்சு. அப்படியிருந்தும் கட்டினார்கள், ஏனென்றால் பிள்ளை இறந்துபோவது அங்கே தூரத்து ஆபத்து இல்லை, பக்கத்து வீட்டில் போன வருடம் நடந்த விஷயம். ஒரு சின்னக் குழந்தையை மிக எளிமையாக அடக்கம் செய்யவே இரண்டு பவுண்டுக்கு மேல் ஆனதாக ஒரு குடும்பத்தின் கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. சவப்பெட்டி, குழிவெட்டுபவர்களுக்குக் கூலி, தகப்பனுக்கு ஒரு கறுப்பு டை, கொஞ்சம் பூ, இந்த மாதிரிச் செலவுகள்தான், அதுவே கிட்டத்தட்ட இரண்டு வாரச் சம்பளம்.

இன்சூரன்ஸ் இல்லையென்றால் இரண்டே வழி. ஒன்று பரம ஏழைகளுக்குப் பொதுச் செலவில் நடக்கும் தர்ம அடக்கம். அது குடும்பத்துக்குப் பெரிய அவமானம், தகப்பன் பெயரும் தர்மம் வாங்கியவர்கள் பட்டியலில் ஏறிவிடும். இன்னொன்று, தெருவில் கடன் வாங்கி, உயிரோடு இருக்கிற மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்து மாதக்கணக்கில் அடைப்பது. ரீவ்ஸ் இதைச் சிக்கனம் என்று புகழவும் இல்லை. அந்தப் பென்னிகள் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்று நேராகவே சொல்கிறார்.

கேள்வி: மலிவான ஓட்ஸ் கஞ்சி குடித்திருக்கலாமே? தாய்மாருக்குச் சமையல் தெரியாததுதான் பிரச்சினை என்று அன்றைய பத்திரிகைகள் எழுதினவாம்.

ஆமாம், 'கஞ்சி போடுங்கள்' என்று அறிவுரை சொல்ல ஆள் நிறைய இருந்தது. லாம்பெத் தாய்மார் அதைச் செய்தும் பார்த்தார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் கஞ்சியைப் பிள்ளைகள் தொடவில்லை. பால் வாங்கக் கட்டுப்படியாகாது, அதிகம் போனால் டின் பால். வீட்டில் இருக்கும் பழைய பாத்திரம் ஒன்றோ இரண்டோ, மீன் வெந்த அதே பாத்திரத்தில் கஞ்சி அடிப்பிடித்து வாடை அடிக்கும். பக்கத்தில் நின்று கிளற நேரமும் இல்லை, விறகுக்கும் கேஸுக்கும் காசும் இல்லை. ரொட்டிக்கு அடுப்பே வேண்டாம், தட்டும் வேண்டாம், பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு தின்னும். அதனால்தான் மூன்று வேளையும் ரொட்டி.

கேள்வி: இறைச்சி எல்லாம் கணவனுக்கே என்று இருக்கிறது. இதை ஒரு பெண்ணிய எழுத்தாளர் எப்படி ஏற்றுக்கொண்டார்?

அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்குகிறார். அந்த ஆளின் உடம்பு படுத்துவிட்டால் மொத்த வீடும் படுத்துவிடும், அதனால் முதல் பங்கு அவனுக்கு. மிச்சம் பிள்ளைகளுக்கு, கடைசியில்தான் தாய்க்கு. தாய்மாரின் ஒரு நாளை மணி வாரியாக எழுதியிருக்கிற அத்தியாயத்தைப் படியுங்கள், விடிவதற்கு முன்னால் கணவனை வேலைக்கு அனுப்ப எழுந்தால் இரவு பிள்ளைகளின் துணியைத் தைத்துவிட்டுப் படுப்பது வரை உட்கார நேரமில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

கேள்வி: அந்த 5 ஷில்லிங்கால் பலன் இருந்ததா?

மொத்தம் 42 குடும்பங்கள். மூத்த பிள்ளைகளையும் சேர்த்து அவற்றில் பிறந்தவை 201 குழந்தைகள். 18 குழந்தைகள் இறந்தே பிறந்தன, அல்லது பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன. மீதி 183 பேரில் 39 பேர் அதற்குப் பிறகு இறந்துவிட்டார்கள், ஐந்தில் ஒன்றுக்கு மேல். விசாரணைக் காலத்தில், அதாவது தாய்க்கு அந்த உதவி கிடைத்தபோது பிறந்த குழந்தைகள் ஒன்றைத் தவிர எல்லாம் நல்ல ஆரோக்கியமாக இருந்தன என்கிறார். ஆனால் அதே வீட்டில் மூத்த பிள்ளைகள் வளர வளர மெலிந்துபோவதையும் கூடவே பதிவு செய்கிறார்.

கேள்வி: 42 குடும்பத்தை வைத்து ஒரு நாட்டுக்கே முடிவு சொல்ல முடியுமா? வறுமையை ஆராய்ந்த ரௌன்ட்ரீ இங்கிலாந்தின் யார்க் நகரத்தையே கணக்கெடுத்தாரே.

நியாயமான கேள்வி. ரௌன்ட்ரீ 1901இல் வெளியிட்டது ஒரு ஊரின் வறுமை அளவு, ஐந்து பேர் குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்னிக்குக் கீழே போனால் உடம்பைக் காப்பாற்றவே போதாது என்று கோடு போட்டார். ரீவ்ஸ் காட்டுவது அந்தக் கோட்டைச் சுற்றி வாழ்பவர்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று. இரண்டும் வேண்டும். இவருடைய குறை வேறு: திருமணமான பெண்களை மட்டுமே எடுத்தார்கள், வேலையே இல்லாத பரம ஏழைகளும் இதில் வரவில்லை. ஆனால் ஒழுங்காக உழைக்கிற குடும்பத்துக்கே இந்தக் கதி என்று காட்டியதால்தான் வாதம் இவ்வளவு பலமாக நிற்கிறது.

கேள்வி: நாவலாசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ் விவகாரம்?

ரீவ்ஸின் மகள் ஆம்பருக்கும் வெல்ஸுக்கும் இருந்த உறவு 1909இல் பெரிய பேச்சானது, குடும்பம் மிகவும் அடிபட்டது. லாம்பெத் விசாரணை தொடங்கியதும் அதே வருடம்தான். 1917இல் முதல் உலகப் போரில் மகன் ஃபேபியனையும் இழந்தார்.

கேள்வி: அவர் கேட்டது ஏதாவது நடந்ததா?

குழந்தைகளுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பள்ளியில் சாப்பாடு, குழந்தைகளுக்கு மருத்துவ மையங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை. பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம் 1906இலேயே வந்திருந்தது, ஆனால் நடத்துவதும் நடத்தாததும் உள்ளூர் நிர்வாகத்தின் விருப்பம். 1911 இன்சூரன்ஸ் சட்டத்தில் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் வந்தது, அந்தப் பணம் மனைவிக்கே சொந்தம் என்று 1913இல் திருத்தினார்கள். இதற்குப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம்தான் விடாமல் போராடியது. குழந்தைகளுக்கான உதவித்தொகைக்கு 1945இல்தான் சட்டம் வந்தது, அதற்காக வாழ்நாளெல்லாம் போராடியவர் எலினார் ராத்போன். இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொருவருக்கும் வாரம் 5 ஷில்லிங், தாயின் கையில். லாம்பெத்தில் கொடுத்த அதே தொகை, அதற்குள் அதன் மதிப்பு எவ்வளவோ குறைந்துவிட்டது. ரீவ்ஸ் 1953 வரை இருந்தார்.

கேள்வி: எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாடகை அத்தியாயத்தில் தொடங்குங்கள், அப்புறம் சாவு இன்சூரன்ஸ், அதற்குப் பிறகு தாய்மாரின் நாள். வரவுசெலவுப் பட்டியல்களைத் தாண்டிப் போகாதீர்கள், ஒரு வீட்டுக் கணக்கையாவது பேனாவை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.