மாலத்தீவில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. இந்துவான நான் அங்கே எப்படிச் சாமி கும்பிடுவது?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் சாமி சிலை வைக்காதீர்கள், சுங்கத்தில் விடமாட்டார்கள். 2008 அரசியலமைப்புப்படி இஸ்லாம்தான் அரசு மதம். முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது. பிற மதத்தவர் வெளிப்படையாக வழிபடவும் கூடாது. இதில் எனக்கும் உடன்பாடில்லை, அதனால் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். உங்கள் அறைக்குள் நீங்கள் மனதில் கும்பிடுவதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் கோயில் இல்லாத ஊரில் பக்தி வற்றிவிடுமோ என்பதுதான் உங்கள் உண்மையான பயம் என்று தோன்றுகிறது. நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன்.

கரைக்குக் கரை நடந்தே போய்விடக்கூடிய சிறு தீவு. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். கேம்பிரிட்ஜ் தேர்வுக்காக மாலையில் சிறப்பு வகுப்பு நடக்கும். நடுவில் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் பையன்கள் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழுகை அறைக்குப் போவார்கள். ஒரு நாள் வராந்தாவில் நின்று பார்த்தேன். முன்னால் நின்று தொழுகை நடத்தியவன் என் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பையன், இருபடிச் சமன்பாட்டைக் கண்டாலே தலை குனிபவன். அவனுக்குப் பின்னால் தோளோடு தோள் நின்றவர்களில் தலைமை ஆசிரியரும் ஒருவர். குர்ஆனை நன்றாக ஓதத் தெரிந்தவர் முன்னால் நிற்பதுதான் முறையாம். பதவி அங்கே கணக்கில் வராது.

அந்த வாரம் அவன் பாட்டியைச் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் அழைத்துப் போயிருந்தார்கள். "பாட்டிக்காகத் தொழுதாயா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், தொழுகை அல்லாஹ்வுக்கு. பாட்டிக்காக அப்புறம் கையேந்தி துஆ கேட்டேன்."

"கேட்டது நடக்கலைன்னா?"

"நாளைக்கும் அஞ்சு வேளை தொழணுமே சார்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தான். எனக்குத்தான் பாடம் ஓடவில்லை. எங்கள் வீட்டில் வேண்டுதல் என்றாலே ஒரு பேச்சுவார்த்தை உண்டு. வேலை கிடைத்தால் மொட்டை, விசா வந்தால் பால்குடம். எதையும் கேட்காமல் சாமி முன்னால் நின்ற நினைவே எனக்கு இல்லை. கேட்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுமனே போய் நிற்பதை ஒரு கடமையாக அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் செய்தார்கள். பரீட்சை நாளிலும் செய்தார்கள், விளையாட்டில் தோற்ற நாளிலும் செய்தார்கள்.

நம் நாயன்மார்கள் சொல்லாததா என்று பின்னூட்டம் வரும். சொன்னார்கள்தான், பள்ளியில் மனப்பாடமும் செய்தேன். ஆனால் எனக்கு அது உறைத்தது இந்தப் பையன் சொன்னபோதுதான். மதம் மாறிவிட்டீர்களா என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. நான் அன்றும் இன்றும் முருக பக்தன்தான். காலையில் விபூதி பூசிக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் கேட்காமல் நிற்கிறேன். அதன் பிறகுதான் குடும்பத்துக்காக வேண்டுகிறேன்.

ஆகவே சாமியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியது பணத்தைப் பற்றி. சம்பளம் அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவில் வரும். அதிகாரபூர்வ விலை டாலருக்கு 15.42 ரூஃபியா. அந்த விலையில் வங்கி தரும் டாலருக்கு வரம்பு உண்டு, மீதிக்கு வெளிச்சந்தையில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். என்னை அனுப்பிய ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை, கமிஷனை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை அங்கே இப்போது வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.