வடத்தை வெட்டும் நேரம் – வாசகர் கடிதம்

ஐயா,
1761 புத்தாண்டுப் புயலில் புதுச்சேரிக்கு எதிரே மூழ்கிய ‘துக் தாக்கித்தேன்’ போர்க்கப்பலைப் பற்றி உரையில் ஒரு வரி சொன்னீர்கள். 64 பீரங்கிக் கப்பல் ஒரே இரவில் மூழ்குமா? கட்டுமானம் மோசமா? உள்ளே புதையல் உண்டா?
– ஒரு வாசகர், காரைக்கால்

அன்புள்ள தம்பி,

புதையல் பேச்சு வேண்டாம். அத்தனை பேர் செத்த இடத்தில் அதையா தேடுவது? கட்டுமானத்தின் மீதும் பழி போடாதீர்கள். பிரெஞ்சுக் கம்பெனி 1754இல் லோரியானில் கட்டிய கப்பல் அது. 1757 மே 30இல் ஈகிள், மெட்வே என்ற இரு ஆங்கிலக் கப்பல்கள் அதைப் பிடித்தன. பெயரைக்கூட மாற்றாமல் ஆங்கிலேயர் அதைப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலேயே கட்டிய சண்டர்லாண்டும் அதே இரவில்தான் மூழ்கியது.

நான் நெடுநாளாகச் சொல்லிவருவது இது: புயலின் வேகத்தைப் பக்கம் பக்கமாக வருணிக்கிறோம், காற்றின் திசையை எழுத மறக்கிறோம். புதுச்சேரியில் அன்று துறைமுகம் இல்லை, பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த அந்த ஊரை முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்களுக்குத் திறந்த கடலில்தான் நங்கூரம். அன்று மாலை காற்று வடமேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. தப்பும் வழி அப்போதுதான் திறந்திருந்தது. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் நங்கூரத்தை அந்த அலையில் சுற்றித் தூக்க முடியாது. ஆள் தொடை கனமுள்ள சணல் வடத்தைக் கோடாலியால் வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். ஆங்கிலக் கப்பல்களின் தலைவர் அட்மிரல் ஸ்டீவன்ஸ் தன் நார்ஃபோக் கப்பலில் அதைத்தான் செய்தார், பீரங்கிச் சைகையும் கொடுத்தார். இரைச்சலில் அது மற்றவர்களை எட்டவில்லை. உத்தரவு வராமல் நங்கூரத்தை இழக்க எந்தக் கேப்டன் துணிவான்? நின்றார்கள்.

நள்ளிரவை ஒட்டிக் காற்று சட்டென அடங்கியது. புயலின் கண் மேலே வந்திருந்தது. சற்று நேரத்தில் தென்கிழக்கிலிருந்து அறைந்தது. இப்போது வெட்டினால் கரை, வெட்டாவிட்டால் வடம் கப்பலின் மூக்கைப் பிடித்திழுக்க, பழைய அலை ஒரு பக்கமும் புதிய காற்று மறு பக்கமுமாக மோதும்.

இதையும் கவனியுங்கள். கரையில் மோதிய நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் மூன்றிலும் சேர்த்து ஏழு பேர்தான் இறந்தார்கள். கடலில் மூழ்கிய துக் தாக்கித்தேன், சண்டர்லாண்ட், சரக்குக் கப்பல் டியூக் மூன்றிலும் ஏறத்தாழ 1,100 பேர் போனார்கள், பிழைத்தவர்கள் 14. அன்று மணல்தான் கருணை காட்டியது. துக் தாக்கித்தேனைப் பிடித்த மெட்வேயும் அங்கேதான் நின்றது. பாய்மரங்களை இழந்தது, ஆனால் மூழ்கவில்லை.

வாடைக்காலத்தில் அங்கே நின்றதே தவறு என்பீர்கள். வழக்கமாக அக்டோபரிலேயே சோழமண்டலக் கரையை விட்டுக் கிளம்புவார்கள். முற்றுகைக்காக நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் மறுபடி கடலை அடைத்தார்கள். ஜனவரி 16இல் புதுச்சேரி விழுந்தது.