கிலோ தெரியாத விமானியா?

கேள்வி: கிலோவையும் பவுண்டையும் குழப்பிக்கொண்டதால் ஒரு பயணிகள் விமானத்துக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோனதாமே! பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு விமானிக்குத் தெரியாதா?

பதில்: நன்றாகத் தெரியும். அறியாமையால் வந்த தவறு என்று ஒதுக்கிவிட்டால், அது எப்படி நடந்தது என்பது நமக்குப் புரியாமலே போய்விடும்.

நீங்கள் சொல்வது 1983 ஜூலை 23 அன்று பறந்த ஏர் கனடா 143. போயிங் 767 ரகம். எரிபொருள் மானி வேலை செய்யாததால், தொட்டியில் இருந்ததை அளவுக்குச்சி கொண்டு அளந்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியதோ 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களுக்கெல்லாம் அதுதான் பழக்கம். வந்த விடை 13,597. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். நிரப்பியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர்!

சரிபார்க்காமலா போனார்கள்? வழியில் ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடியும் அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77. விமானக் கணினியோ, கையால் பதிந்த தொகையிலிருந்து செலவானதைக் கழித்துக் காட்டியதே தவிர, தொட்டியைப் பார்க்கவில்லை. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கனடாவின் கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படை ஓடுதளம் வரை சறுக்கியே வந்து இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

சரிபார்ப்பு என்றால் வேறு வழியில் பார்க்க வேண்டும். விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசானது. ஆகவே கிலோ எண் லிட்டர் எண்ணைவிடப் பெரிதாக வரவே முடியாது. 7,682 லிட்டர் எப்படி 13,597 கிலோ ஆகும்? காகிதம்கூட வேண்டாம், இந்த ஒரு கேள்வி போதும்.

1999 ஏப்ரல் 15, ஷாங்காய். அங்கே தப்பிக்க நேரமே இல்லை. சீனாவில் உயரத்தை மீட்டரில் சொல்வார்கள். கொரியன் ஏர் சரக்கு விமானத்துக்குக் கிடைத்த அனுமதி 1,500 மீட்டர், அதாவது சுமார் 4,900 அடி. துணை விமானி 1,500 அடி என்று சொல்லிவிட்டார். அப்போது சுமார் 4,500 அடியில் இருந்த தலைமை விமானி, 3,000 அடி கூடுதலாக ஏறிவிட்டோம் என்று நம்பி மூக்கைக் கீழே தள்ளினார். மீட்க முடியவில்லை. விமானத்தில் மூவரும் தரையில் ஐவரும் இறந்தார்கள்.

உயரமானியிலும் இந்தப் பொறி உண்டு. அது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் காட்டுவது; அந்த இடத்தின் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு விமானி அதில் பதிய வேண்டும். கட்டுப்பாட்டு அறை '992' என்கிறது, அது ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகில். பாதரச அங்குலம் என்ற வேறு அலகில் பழகிய காது அதை 29.92 என்று நிரப்பிக்கொள்ளும். உண்மையில் 992 என்பது 29.29 அங்குலம். மானி காட்டுவதைவிட விமானம் ஏறக்குறைய 600 அடி தாழ்வாகப் பறக்கும், அதுவும் மேகத்துக்குள் இறங்கும் வேளையில். அதனால் கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி திருப்பிச் சொல்லும்போது '992 ஹெக்டோபாஸ்கல்', '1,500 மீட்டர்' என்று அலகோடு முழுதாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்காமல் கட்டுப்பாட்டு அறையையே கேட்க வேண்டும்.