40 வயதுக்கு மேல் கிரிக்கெட் ஜெர்ஸி போட்டுக்கொண்டு வெளியே போகலாமா?

போகலாம். தாராளமாகப் போகலாம்.

நாற்பது தாண்டியவர்கள் தாங்கள் ரசிக்கும் அணியின் ஜெர்ஸியோடு கடைக்கோ பேருந்திலோ உறவுக்காரர்கள் கூடும் இடத்துக்கோ போனால் அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா கேட்டிருக்க மாட்டீர்கள், யாரோ மனசு நோகும்படி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவரே "இந்த வயசுல இது தேவையா" என்றிருப்பார், இல்லையென்றால் வளர்ந்த பிள்ளை "இதைப் போட்டுக்கிட்டு என் காலேஜ் பக்கம் வந்துடாதீங்க" என்றிருக்கும். நீங்களும் ஜெர்ஸியை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்திருப்பீர்கள். எடுத்துப் போடுங்கள். நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. காரைக்குடியில் இருக்கிறேன், கணக்கு எழுதும் வேலை. கல்லூரி படிக்கும் மகன் ஒருவன். 2008-ல் ஐபிஎல் தொடங்கிய நாளிலிருந்து சென்னை அணி. 2016, 2017 இரண்டு வருடமும் அணியே தடையில் இருந்தபோதும் வேறு அணி பக்கம் நான் போனதில்லை. 2025-ல் பட்டியலில் கடைசியாக முடித்தார்களே, அன்றைக்கும் மஞ்சள் ஜெர்ஸி போட்டுத்தான் காய் வாங்கப் போனேன். ஜெயிக்கும்போது மட்டும் போடுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2023 மே 23, செவ்வாய்க்கிழமை. சேப்பாக்கத்தில் குஜராத்தோடு முதல் தகுதிச் சுற்று. 2019-க்குப் பிறகு அந்த வருடம்தான் சொந்த மைதானத்தில் ஆட்டங்கள் திரும்ப வந்தன. தோனிக்கு அதுதான் கடைசி வருடம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் எப்படியோ இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். நானும் மகனும் போனோம். வாலாஜா சாலையில் நடைபாதையில் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஆளுக்கொன்றாக, முதுகில் தோனியின் எண் 7 போட்ட ஜெர்ஸி வாங்கினோம். காலையில் போட்டிருந்த சுடிதார் மேல்சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததால் அதைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, தங்கை வீட்டிலிருந்து ஜெர்ஸியோடுதான் கிளம்பினேன். 15 ரன்னில் ஜெயித்தோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கோயம்பேட்டில் பஸ் ஏறும்போது மணி ஒன்று. விழுப்புரம் நெருங்கும்போது போன் வந்தது. பெரியப்பா தவறிவிட்டார். ஒரு வருடமாகவே படுக்கையில் இருந்தவர், எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பிள்ளைகளெல்லாம் வந்துவிட்டார்கள், வெயில் ஏறும் முன்னே எடுத்துவிடுவார்கள், நேரே வந்துவிடு என்றார்கள்.

"படுக்கையில் ஒருவர் கிடக்கும்போது உனக்கு மேட்ச் தேவையா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கானாடுகாத்தானுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். கேட்கிறவர்கள் எத்தனை தடவை போனார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

"வழியில் துணி மாற்றியிருக்கலாமே" என்பது அடுத்த கேள்வி. எங்கே மாற்றுவது? விழுப்புரம் தாண்டி ஒரு மோட்டலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெண்கள் கழிப்பறைக்குப் பத்து ரூபாய். உள்ளே தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் வாளி காலி, கீழே கால் வைக்க முடியவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பொண்ணு எனக்காகப் பிடித்தது, நான் அதற்காகப் பிடித்தேன். எட்டு மணி நேரப் பயணத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவதற்கு இதுதான் காரணம். என் அம்மாவும் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள், நானும் அப்படித்தான் வருகிறேன். நாற்கரச் சாலை போட்டார்கள், சுங்கச்சாவடி வைத்தார்கள், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வைக்க மட்டும் ஆள் இல்லை. தோசைக்கு அவர்கள் வாங்கும் காசில் மாதம் ஒரு கழிப்பறை புதிதாகக் கட்டலாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் யாராவது எங்காவது இதை எழுத வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கானாடுகாத்தான் விலக்கில் இறங்கினோம். பையில் ஒரு குற்றாலத் துண்டு இருந்தது, அதை மேலே போட்டுக்கொண்டேன். அரண்மனையைத் தாண்டித்தான் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அது ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது. அவர் மகன் எம். ஏ. சிதம்பரத்தின் பெயரைத்தான் சேப்பாக்கம் மைதானத்துக்கு வைத்திருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். இதையெல்லாம் எனக்குச் சொன்னதே பெரியப்பாதான். அங்கே ஒரு பெரிய வீட்டுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வீட்டுக்காரர்கள் வெளியூரில், சாவி இவரிடம். லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு வளவில் (உள் முற்றத்தில்) தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் நாங்கள் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டோம். கன்னம் சில்லென்றிருக்கும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் இரண்டு அணிக்கும் ஒரே ரன்னாகிச் சமனில் (டை) முடிந்ததே, டீன் ஜோன்ஸ் வெயில் தாங்காமல் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்த ஆட்டம். கடைசி விக்கெட்டாக மணிந்தர் சிங் அவுட்டானதும் பெரியப்பா எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. என்னைக் கிரிக்கெட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

அந்த வாசலில்தான் நான் மஞ்சளில் போய் நின்றேன்.

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் நேரே உள்ளே போய் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழும்போது துண்டு நழுவிவிட்டது. முதுகில் 7 எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பின்னால் ஒரு அயித்தை "துப்பட்டா எங்கடி" என்றார். இன்னொருவர், "தாலி இறங்கப்போற வீட்டுக்கு மஞ்சள்ல வந்து நிக்கிறா பாரு" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது, ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. மஞ்சள் என்ன நிறம், எதற்கு உரிய நிறம் என்று எனக்குத் தெரியாதா? வேறு வழி இருந்திருந்தால் மாற்றியிருப்பேன்.

ஆனால் வெளியே நடந்த இன்னொன்றை நான் மன்னிக்கவில்லை. உறவில் மாமா முறை வேண்டும் ஒருவர், பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி, "நாற்பத்தஞ்சு வயசுப் பொம்பளைக்கு விளையாட்டுச் சட்டை என்ன வேண்டியிருக்கு, அதென்ன யூனிபார்மா" என்றார். அவர் கட்டியிருந்தது கட்சிக் கரை போட்ட வேட்டி. சட்டைப் பையில் தலைவர் படம் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். நாம் எந்த அணி என்று நாலு பேருக்குத் தெரியும்படி உடுத்துவதுதானே ஜெர்ஸி? கரை வேட்டி அதைத்தானே செய்கிறது? கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அதைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், அறுபது வயதிலும் எழுபது வயதிலும் வருகிறார்கள், ஒருவரும் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்வதில்லை. கட்சிக்காரர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டிலேயே கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய பற்றைத் துணியில் பார்த்தால் மரியாதை, இன்னொருவருடைய பற்றைத் துணியில் பார்த்தால் இளக்காரம் என்பது என்ன கணக்கு என்றுதான் கேட்கிறேன்.

இங்கே தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் சுற்று ஊர்களில் கயிற்றில் கட்டிய காளையைக் குழுவாக அடக்கும் வடமாட்டுக்கும் வந்து பாருங்கள். வடமாட்டில் ஒரு குழுவுக்கு ஒன்பது பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் ஊர்ப் பெயர், அதற்குக் கீழே துணி எடுத்துக் கொடுத்த கடையின் பெயர். அதில் பாதிப் பேர் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு வாரத்துக்கு அதே பனியனோடு டீக்கடையில் நிற்பார்கள், பார்க்கிறவர்களுக்கும் அது பெருமைதான். அதெல்லாம் விளையாடுகிறவன் போடுவது, நீ விளையாடவில்லையே என்பார்கள். விளையாடுகிறவர்களுக்கே இந்த வண்ணச் சட்டை ரொம்பப் பழையது இல்லை. உலகக் கோப்பையில் வண்ண உடையும் முதுகில் பெயரும் வந்தது 1992-ல், எண் வந்தது 1999-ல். 1992-க்கு முன்னே உலகக் கோப்பையில் எல்லோரும் வெள்ளைதான். எண் போட்ட சட்டையை யார் போடலாம் யார் போடக் கூடாது என்று நம் முன்னோர்கள் ஒன்றும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

இன்னும் ஒன்று. என் மகனும் அன்றைக்கு அதே ஜெர்ஸியில்தான் வந்தான். அதே மஞ்சள், அதே 7, அதே பஸ். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி மேட்ச் பார்த்துட்டு நேரா வருதா, பாவம், காப்பி கொடுங்க" என்றார்கள். அவன் காப்பி குடித்தான், நான் பேச்சு வாங்கினேன். அதனால்தான் உங்கள் கேள்வியில் வயது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். வயது ஒரு பாதிதான். நீங்கள் ஆணாக இருந்தால் கிண்டலோடு போயிருக்கும். பெண்ணாக இருந்தால், என்னைப் போல, யாரோ படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருப்பார்கள். எனக்கு அதுவும் நடந்தது. சாவு வீட்டில் அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியின் முதுகைப் படம் எடுக்கலாமாம், அந்த முதுகில் எண் இருப்பதுதான் தப்பாம்.

அந்த மாதம் 29-ஆம் தேதி இறுதி ஆட்டம். மழையில் நீண்டு, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்து முடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி. தீட்டு வீடு என்பதால் நான் ஜெர்ஸி போடவில்லை, டிவி சத்தத்தையும் குறைத்து வைத்திருந்தேன். எனக்கு இடம் பொருள் தெரியாது என்று சொன்னவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். கோயிலுக்கும் அலுவலகத்துக்கும்கூட நான் போட்டுப் போவதில்லை. யாருக்கும் பயந்து இல்லை, அங்கே எனக்கே சரியாகப் படவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பழுப்பு நிறப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அடுப்படிப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய், "அன்னைக்கு அப்படி வந்துட்டேன் பெரியம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, அறுவைக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர். என் சேலைத் தலைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப நீ பக்கத்துல வந்து பேசுனப்பறந்தான் ஆத்தா நீயின்னு தெரியிது. அன்னைக்கு வாசல்ல நிக்கயிலேயே தெரிஞ்சிருச்சு. அம்புட்டுக் கூட்டத்துல வேற யாரு முகமும் எனக்குத் தெரியல" என்றார்.

அப்புறம் யார் என்ன சொன்னாலும் எனக்கு ஒட்டவில்லை.

நீங்கள் புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். எண்ணைத் துணியிலேயே அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டிய எண்ணாக இருந்தால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, பச்சைத் தண்ணீரில், கையால்தான் துவைக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டி எண்ணின் மேல் படவே கூடாது. என்னுடையதில் 7-இன் மேல் மூலை மூன்றாவது துவையலிலேயே உரிந்துவிட்டது. அந்த ஓரத்தை மட்டும் நூல் போட்டுக் கையாலேயே தைத்து வைத்திருக்கிறேன், இப்போதும் அதைத்தான் போடுகிறேன்.